மீட்டிங் ரூம் சுவரில் என் கடிதம்

கணவரிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயத்தை, கணவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லி முடித்த பெண் புதுச்சேரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் வாயால் சொல்லவில்லை. சுவரில், ஒவ்வொரு எழுத்தும் தேங்காய் அளவில் தெரிய, ஒரு பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

பத்து வருஷம் ஆகப்போகிறது. இப்போது எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாளில் என் கணவர் மதியழகன் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'வாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் அவருக்குப் பிரெஞ்சு குடியுரிமை உண்டு. எனக்குக் கிடையாது. நான் அங்கே போக 'பேப்பர்', அதாவது விசா வர வேண்டும். எங்கள் ஊரில் இப்படிக் கல்யாணமாகி, பேப்பருக்காகக் காத்திருக்கும் பெண்களைத் தெருவுக்கு ஒருத்தி பார்க்கலாம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வியே "பேப்பர் வந்துச்சா?" என்பதுதான். (சாப்பிட்டாயா என்று கேட்பது அப்புறம்.)

மூலக்குளத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். சேதராப்பட்டில், பாட்டில் மூடிகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. அந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஒரு பொய்யால்தான். நேர்காணலில் மேனேஜர் தண்டபாணி சார், கம்ப்யூட்டர் எவ்வளவு தெரியும் என்று கேட்டார். எல்லாம் தெரியும் சார் என்றேன். எனக்குத் தெரிந்த 'எல்லாம்' என்பது அணைத்துவிட்டு மறுபடி போடுவது. ஆச்சரியம் என்னவென்றால், பத்துக்கு எட்டு கோளாறு அதிலேயே சரியாகிவிடும். ஆறு மாதத்தில் ஆபீஸ் முழுக்க என்னை 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிரிண்டர் இருமினால்கூட என்னைத்தான் தேடுவார்கள். பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள நானும் முகத்தைச் சுளித்து, திரையை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அணைப்பேன்.

இப்போது நான் செய்துகொண்டிருந்த குற்றத்துக்கு வருகிறேன்.

வீட்டில் தினமும் இரவு வீடியோ கால் உண்டு. ஆனால் போன் முதலில் மாமியார் கையில் இருக்கும். அப்புறம் மாமனார், நாத்தனார், நாத்தனாரின் பிள்ளைகள், சில நாள் எதிர்வீட்டுக்காரர்கூட. என் கைக்கு வரும்போது இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும். அவர் லியோன் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலை பார்ப்பவர். அந்நேரத்துக்கு அவருக்குக் கண் சொருகிவிடும். சுற்றி ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் சாப்பிட்டீங்களா என்பேன், அவர் சாப்ட்டேன் நீ சாப்ட்டியா என்பார். எங்கள் தாம்பத்தியம் முழுவதும் சோற்றைப் பற்றியே நடந்துகொண்டிருந்தது.

தனியாகப் பேச ஒரு வழிதான் இருந்தது. வீட்டில் கூட்டம், கம்பெனி பஸ்ஸில் எங்கள் தெருக்காரர்கள், கம்பெனிக்குள் செல்போன் கூடாது. கேட்டிலேயே செக்யூரிட்டி வாங்கி மரப்பெட்டியில் வைத்துவிடுவார். ஆனால் என் மேஜையில் ஆபீஸ் லேப்டாப் இருந்தது, அதில் மெயில் புரோகிராம் இருந்தது. காலையில் வந்ததும் புது மெயில் விண்டோ ஒன்றைத் திறந்துகொள்வேன். அவருக்கு ஒரு வரி எழுதுவேன். அப்புறம் பேக்கிங் லிஸ்ட். திரும்ப ஒரு வரி. அப்படியே சாயங்காலம் ஐந்து மணி வரை அந்தக் கடிதம் வளரும். ஐந்து மணிக்கு அனுப்புவேன். அது அவருக்கு மதியம். வேலை முடிந்து டிராமில் திரும்பும்போது படிப்பார்.

சொந்தக் கடிதம் எழுதக்கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். லேப்டாப்போடு இன்னொரு திரையும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அது சுவர் ஓரமாகத் திரும்பி இருக்கும். தண்டபாணி சார் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாது. லேப்டாப்பில் கம்பெனி, பக்கத்துத் திரையில் கணவர்.

சம்பவம் நடந்த அன்று பிரான்சிலிருந்து வாங்குகிறவர்கள் வருவதாக இருந்தது. பெரிய ஆர்டர். ஒரு வாரமாக ஆபீஸே பெயின்ட் வாசனை அடித்தது. நான்தான் பதினோரு மணிக்கு மீட்டிங் ரூமில் பேக்கிங் பற்றிப் படம் போட்டு விளக்க வேண்டும். (டாக்டர் அல்லவா.) மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் கடிதத்தின் முதல் பத்தியை எழுதிவிட்டு, ஸ்டோர் வரை போய்வந்தேன். வந்து பார்த்தால் பக்கத்துத் திரையைக் காணோம். ரிசப்ஷனில் 'வெல்கம்' போட ஒரு திரை வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். போனது திரை மட்டும்தான். ஒயரையும் அதன் முனையில் இருந்த சின்னப் பெட்டியையும் என் லேப்டாப்பிலேயே விட்டுவிட்டார்கள். அதனால் லேப்டாப், இன்னொரு திரை பக்கத்தில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. என் கடிதத்தையும் அந்த இல்லாத திரையிலேயே வைத்திருந்தது.

இது எனக்கு அப்போது புரியவில்லை. புது மெயில் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். நான்காவது முறை கோபத்தோடு அழுத்தினேன். திரையின் அடியில் இருந்த மெயில் படத்தின் மேல் அம்புக்குறியை வைத்தால், தபால்தலை அளவில் என் கடிதம் தெரிந்தது. பக்கத்தில் நான்கு வெற்றுக் கடிதங்கள். அதைச் சொடுக்கினால் போய்விடும். எங்கே போகிறது என்று தெரியாது.

அணைத்துப் போட்டிருக்கலாம். என் ஒரே வைத்தியம் அதுதானே. ஆனால் கடிதம் போய்விடுமே என்று பயம். (எழுதுவதெல்லாம் தானாகவே டிராஃப்டில் சேர்ந்துகொண்டிருக்கும் என்பது டாக்டருக்குத் தெரியாது.) பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊரிலிருந்து வரும் சிஸ்டம்காரரைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் பட்டம் போய்விடும். எனவே கீபோர்டில் கைக்குக் கிடைத்த விசையையெல்லாம் அழுத்தினேன். மூன்று விரலால் அழுத்தினேன். மவுஸின் சக்கரத்தை உருட்டினேன். அந்த உருட்டலில்தான் எழுத்து பெரிதாகியிருக்கிறது, ஏதோ ஒரு விசையில் விண்டோ முழுத்திரைக்கு விரிந்திருக்கிறது. இரண்டையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் செய்த காரியம்தான் இன்றைக்கும் எனக்கே விளங்காதது. கடிதம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கேயோ திறந்திருக்கிறது, தட்டினால் எழுத்து விழுகிறது என்று அந்தத் தபால்தலையிலிருந்து தெரிந்தது. நான் தொடர்ந்து எழுதினேன். பார்க்காமலேயே எழுதினேன். பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுவது போல இருந்தது. என்ன எழுதுகிறோம் என்று கண்ணில் படாததாலோ என்னவோ, வழக்கமாக எழுதிவிட்டு அழிப்பதையெல்லாம் அன்று அழிக்கவில்லை.

பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பை மூடினேன், ஒயரைப் பிடுங்கினேன், மீட்டிங் ரூமுக்கு ஓடினேன், புரொஜெக்டர் ஒயரைச் சொருகினேன். என் லேப்டாப்பில் முதல் படம் பளிச்சென்று வந்தது. பின்னால் சுவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிரே மேஜையைச் சுற்றி முதலாளி, தண்டபாணி சார், நம் ஆட்கள் பத்துப் பேர், வந்திருந்த பிரெஞ்சு அம்மாள், அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த பெரியவர். அந்தப் பெரியவர் பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை முசியே (பிரெஞ்சில் ஐயா) என்றுதான் சொல்வார்கள். கண்ணில் படும் எதையும் மொழிபெயர்க்காமல் விடமாட்டார். வரும் வழியில் காரில் கடைப் பலகைகளை எல்லாம் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாராம்.

நான் ஆரம்பித்தேன். எங்கள் மூடிகள் மூன்று முறை சோதிக்கப்படுகின்றன என்றேன். எல்லாரும் எனக்குப் பின்னால் இருந்த சுவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். என்னுடைய படங்கள் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டன என்று எனக்குப் பெருமை. அடுத்த படத்துக்குப் போனேன். ஈரம் புகாத பைகள் என்றேன். முசியே அந்த அம்மாளின் காதருகே குனிந்து மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய இடத்திலும் அவர் நிறுத்தவில்லை. நான் சொன்னதைவிட அவர் சொல்வது நீளமாக இருந்தது. பிரெஞ்சு நீளமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் என் வாயைக் கவனிக்கவே இல்லை. சுவரை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். புரொஜெக்டரைத் தன் தொலைந்த திரையாக எடுத்துக்கொண்ட லேப்டாப், கடிதத்தை அங்கே விரித்திருந்தது.

சுவரில் இருந்தது இதுதான்:

"என்னங்க, தண்டபாணி சார் காலையிலேர்ந்து பத்து தடவ பேண்ட்ட மேல இழுத்து விட்டுக்கினாரு. பிரெஞ்சுக்காரங்க வராங்கன்னு பயம். பாவமா இருக்குது.

நேத்து வீடியோ கால்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். போனு எங்கிட்ட வரதுக்குள்ள நீங்க கொட்டாவி வுட்டுட்டீங்க. சரின்னு சாப்ட்டீங்களான்னு கேட்டுட்டு குடுத்துட்டேன்.

உங்க தலகாணி உறைய தோய்ச்சிட்டேன். அத்த எல்லாத்தையும் ஊற வச்சிட்டாங்க, அதோட அதுவும் போயிடுச்சி. தோய்க்காம இருந்திருக்கலாம். இப்ப சோப்பு வாசனதான் வருது.

பேப்பரு எப்ப வரும்னு இனிமே கேக்க மாட்டேன். கேட்டா நீங்க பேச்ச நிறுத்திடுறீங்க. அதுக்கு கேக்காமலே இருந்துடலாம்."

பார்க்காமல் அடித்ததால் நடுநடுவே எழுத்துப்பிழைகள் வேறு.

எனக்கு முதலில் வித்தியாசமாகப் பட்டது தண்டபாணி சாரின் கை. பேண்ட்டை இழுக்கப் போன கை இடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் முசியேயின் குரல் நின்றது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மேலே படியுங்கள் என்று அர்த்தம். முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைக்குட்டையால் கண்ணாடியை மட்டும் துடைத்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் திரும்பினேன்.

தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்து மறைத்தேன். கடிதம் என் மேலேயே விழுந்தது. 'தலகாணி' என் நெற்றியில், 'சோப்பு வாசன' என் துப்பட்டாவில். அதுவரை படிக்காதவர்களும் அதைப் படித்தார்கள். பின்பு புத்தி வந்து லேப்டாப்பை அறைந்து மூடினேன். சுவர் நீலமாக மாறியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வேலை போய்விட்டது, மாமியார் வீட்டில் என்ன சொல்வது என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் முசியேயிடம் ஏதோ சொன்னார். முசியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மாடி, உன் ஊட்டுக்காரரு எந்த ஊர்ல இருக்காருன்னு மதாம் கேக்கறாங்க."

"லியோன்ல இருக்காருங்க."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த அம்மாள் தலையை ஆட்டினார். மறுபடி ஏதோ கேட்டார்.

"அங்க இப்ப ரொம்ப குளிராம். அவருகிட்ட நல்ல கோட்டு இருக்கான்னு கேக்கறாங்க."

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக் கூடத்தில் மாட்டிய படத்தில் ஒரு கோட்டோடுதான் நிற்பார், ஆனால் அது குளிருக்குப் போதுமா என்று நான் கேட்டதே இல்லை. சாப்பிட்டாரா என்று பதினோரு மாதமாகத் தினமும் கேட்டிருக்கிறேன், விடியற்காலை நான்கு மணிக்கு எதைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தெரியலைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஏற்றுமதிப் பிரிவின் சார்பாக, முதலாளி முன்னிலையில், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். கேண்டீன் அக்காவை வரச்சொல்லி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போகச் செய்தார்கள். மீதிப் படங்களைத் தண்டபாணி சாரே காட்டினாராம், அதுவும் உட்கார்ந்தபடியே. எழுந்தால் பேண்ட்டை இழுக்க வேண்டிவரும் அல்லவா.

மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ராஜினாமாவைக் கேட்பார் என்று மனதுக்குள் இரண்டு வரி தயார் செய்துகொண்டு போனேன். அவர் மேஜைமேல் இருந்த மூடிகளை அடுக்கினார். கம்பெனி மெயிலில் சொந்தக் கடிதம் எழுதக்கூடாது, தெரியுமல்லவா என்றார். தெரியும் சார் என்றேன்.

"பத்து தடவல்லாம் இல்ல. ரெண்டு தடவதான் இழுத்தேன்."

"ஆமாங்க சார்."

"போயி வேலையப் பாரு."

அவ்வளவுதான். ஆர்டரும் கிடைத்தது. என் கண்ணீரால் கிடைத்ததாக என் வீட்டில் சொல்லித் திரிகிறார்கள். நம் மூடிகள் நன்றாகத்தான் இருந்தன என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் மீட்டிங் ரூம் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: 'புரொஜெக்டரை இயக்கும் முன் ஜன்னல்களை மூடவும்.' கம்ப்யூட்டர் விண்டோவைத்தான் அப்படி நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். காரணம் தெரியாத புது ஆட்கள் எழுந்து போய், உண்மையான ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டில் போனை வாங்கியதும் பஸ் நிறுத்தம் வரைகூடப் பொறுக்கவில்லை. மதில் ஓரமாக நின்று அவருக்குப் போன் செய்தேன். அந்த நேரத்தில் நான் கூப்பிட்டதில்லை என்பதால் பதறிப்போய் எடுத்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. கோட்டு இருக்கா என்று கேட்டேன்.

"இருக்குது. ரெண்டு பேருக்கு ஒண்ணு" என்றார்.

அறையில் கூடத் தங்கியிருக்கும் பையனும் அவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்களாம். இவர் மதியம் வந்து கழற்றினால், ஓட்டல் வேலைக்குப் போகிற அவன் மாட்டிக்கொண்டு போவானாம். கல்யாணமான புதிதில் அந்தக் கோட்டோடு எடுத்து அனுப்பிய படத்தை மாமியார் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருந்தார். அதற்குப் பின்னால் பாதி நாள் கோட்டே இல்லாத ஒரு மனிதர் இருந்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் நான் காலையில் நடந்ததைச் சொன்னேன். தண்டபாணி சார் கை நின்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், நெற்றியில் தலகாணி விழுந்ததைக் கேட்டு இருமும் வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்பது நாளில் அதற்கெல்லாம் எங்கே நேரம். மதில் ஓரத்தில் நின்று நானும் சிரித்தேன். கம்பெனி பஸ் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியதும் சொன்னார். "ஊருக்கே காட்டிட்ட. எனக்குதான் இன்னும் வரல. அனுப்பு."

மறுநாள் சிஸ்டம்காரர் வந்தார். இரண்டு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்பு விசையைத் தட்டினால், எந்தத் திரையில் தொலைந்த விண்டோவும் இந்தப் பக்கம் வந்துவிடுமாம். இரண்டு நொடி வேலை. அதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. டிராஃப்டில் கடிதம் பத்திரமாக இருந்தது. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் அனுப்பினேன். அன்றைக்கு டிராமில் தன் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டாராம்.

செய்தி எனக்கு முன்பே மூலக்குளம் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து நான்கு பேர் அந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். மாமியார் இரண்டு நாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வீடியோ கால் வந்ததும் போனை எடுத்து, மகன் முகத்தைக்கூடப் பார்க்காமல், நேராக என் கையில் கொடுத்தார். மாமனாரையும் நாத்தனாரையும் பிள்ளைகளையும் எழுப்பி உள்ளே ஓட்டினார்.

"நீ பேசி முடி, அப்புறம் நாங்க பேசறோம். இல்லன்னா செவுத்துல எழுதிடுவ."

அது அப்படியே குடும்பத்தில் தங்கிவிட்டது. யாராவது எதையாவது மறைத்தால், "சொல்லிடு, இல்லன்னா கயலு மாதிரி செவுத்துல எழுதிடுவ" என்பார்கள். (கயல் நான்தான்.) நாத்தனார் மகள் கல்யாணத்தில், படம் போட்டுக்காட்ட ஒருவர் லேப்டாப்போடு வந்தார். திரையில் வெளிச்சம் விழுந்ததும் மண்டபத்தின் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பேப்பர் அதற்குப் பிறகு ஏழு மாதம் கழித்து வந்தது. போனேன். போகும்போது பெட்டியில் முதலில் வைத்தது கோட்டு. அங்கே நான்கு வருஷம் இருந்தோம். மாமனார் விழுந்து இடுப்பு ஒடிந்தபோது திரும்பினோம், அப்புறம் இங்கேயே தங்கிவிட்டோம். அவர் ஊருக்குள் ஒரு பேக்கரியைப் பார்த்துக்கொள்கிறார். நான் மறுபடி சேதராப்பட்டுக்குப் போகிறேன்.

ஒரே வீடு, ஒரே கூரை. எதையும் நேரிலேயே சொல்லிவிடலாம் என்பதாலோ என்னவோ, பல நாள் ஒன்றையும் சொல்வதில்லை. அவர் எனக்குக் கடைசியாக அனுப்பிய மெயில், அப்பாவின் ஆதார் நகல். கூடவே இரண்டு வார்த்தை: பிரிண்ட் எடு.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், எனக்கே காரணம் தெரியாமல் புது மெயில் ஒன்றைத் திறந்தேன். "என்னங்க" என்று ஆரம்பித்தேன். இன்றைக்கு இங்கே நல்ல மழை, கேண்டீனில் சாம்பார் உப்பு என்று எழுதினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கேட்டில் போனை வாங்கினேன். அவரிடமிருந்து நான்கு அழைப்பு வந்திருந்தது. என்னவோ ஏதோ என்று கூப்பிட்டேன்.

"மெயிலு வந்துச்சி" என்றார். "ரெண்டு வரிதான் இருக்குது. மிச்சம் எங்க?"